மொண்டிசோரியின் முதல் பிள்ளைகள்

வன்னியில் எந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தாலும் மொண்டிசோரி என்ற பெயர்ப்பலகை ஒன்று கண்ணில் படும். எங்களுக்கு அது ஓர் ஆளின் பெயரே அல்ல. பிள்ளை மொண்டிசோரிக்குப் போகிறது என்றால் முன்பள்ளிக்குப் போகிறது என்று அர்த்தம். தண்ணீர்ப் போத்தல், ஆண்டு நடுவில் விளையாட்டுப் போட்டி, ஆண்டு இறுதியில் கலைவிழா. அவ்வளவுதான் அந்தச் சொல்.

கடந்த சில வருடங்களாக விசேட தேவையுடைய பிள்ளைகளின் தாய்மாருடன் பேசி வருகிறேன். அவர்களுடைய கதைகளில் இந்த மொண்டிசோரி வாசல் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளை ஓரிடத்தில் இருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிடும். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறும். இரண்டு கிழமை பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். வைத்தியசாலைக்குப் போனால் ஒருவர் ஓட்டிசம் என்கிறார். இன்னொருவர் மிகைச் செயற்பாடும் கவனக்குறைவும் என்கிறார். மூன்றாமவர் பேச்சுத் தாமதம் என்கிறார். வலிப்பும் இருந்தால் அதற்கு வேறு கிளினிக், வேறு நாள். நான்கு கொப்பிகளில் நான்கு பெயர்கள், பிள்ளை ஒன்றுதான். ஐந்தாவது பெயரைச் சொந்தக்காரர்கள் தருகிறார்கள்: தாயின் வளர்ப்புச் சரியில்லை.

அந்தப் பெயர்ப்பலகைக்கு உரிய பெண் முதன்முதலில் கற்பித்தது இப்படித் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளுக்குத்தான். மரியா மொண்டிசோரியின் வாழ்க்கையில் பலரும் ஒரு பந்தியில் கடந்து போகும் பகுதி அது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மரியா 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் அன்கோனா பிரதேசத்தில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸான்ட்ரோ அரசாங்க நிதித்துறை உத்தியோகத்தர். தாய் ரெனில்டே படித்த பெண். மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது. பெண் பிள்ளைகள் ஆசிரியையாகலாம், அதற்கு மேல் எதற்கு என்று நினைத்த காலம். மரியா பொறியியல் படிக்க விரும்பி ஆண்களின் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். பிறகு மனம் மாறி மருத்துவம் என்றார். தந்தைக்கு விருப்பமில்லை. தாய் பக்கத்தில் நின்றார். ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் பிரேத பரிசோதனை செய்வது ஒழுக்கக்கேடு என்று கருதப்பட்டதால், எல்லோரும் போன பிறகு மாலையில் தனியாகப் பிணவறையில் நின்று படித்தார். 1896இல் வைத்தியராக வெளியே வந்தார். இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல; முதல் சிலரில் ஒருவர். அதே ஆண்டில் பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில் சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் பேசினார்.

பட்டம் பெற்ற பின் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். ரோமின் மனநோய் விடுதிகளுக்குப் போய்க் கற்கைக்கு உகந்த நோயாளரைத் தெரிவு செய்வது அவருடைய வேலைகளில் ஒன்று. அங்கேதான் அந்தப் பிள்ளைகளைக் கண்டார். பெரியவர்களான மனநோயாளிகளோடு ஒரே கூரையின் கீழ், பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே பெயர், அந்தக் காலத்து மருத்துவ நூல்களில் இருந்த ஒரு சொல். தமிழில் மூடர் என்று வரும். அந்தச் சொல்லுக்குள் மூளை வளர்ச்சி குன்றியவர்கள் இருந்தார்கள், வலிப்புள்ளவர்கள் இருந்தார்கள், காது கேளாதவர்கள், பேசாதவர்கள், பசியிலும் கைவிடப்பட்ட நிலையிலும் வளர்ந்தவர்கள், அடங்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஓட்டிசம் என்ற சொல் அப்போது பிறக்கவேயில்லை. இன்று எங்களிடம் சொற்கள் கூடிவிட்டன. அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது. பிள்ளையைப் பார்க்காமல் பெயரைப் பார்ப்பது இரண்டு காலத்துக்கும் பொது.

அந்த விடுதி ஒன்றைப் பற்றிச் சொல்லப்படும் கதை பிரபலமானது. வெறும் அறை ஒன்றில் பிள்ளைகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து பாண் துணிக்கைகளைப் பொறுக்குவதைக் காட்டி, பராமரிப்பாளர் அருவருப்புடன் முறையிட்டாராம். மொண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுக்க, உருட்ட, விரலால் தொட்டுப் பார்க்க அந்த அறையில் வேறு எதுவும் இல்லை. பாண் துணிக்கை மட்டும்தான் இருந்தது. அது வயிற்றுப் பசியல்ல, கைகளின் பசி என்று அவர் விளங்கிக்கொண்டார் என்பது கதை. நடந்தது அப்படியேதானா என்பதைவிட, அதற்குப் பிறகு அவர் செய்ததே பெரிது.

பிரெஞ்சு நூல்களைத் தேடினார். இட்டார்ட் என்ற வைத்தியர் 1800களின் தொடக்கத்தில் அவேரோன் காட்டில் பிடிபட்ட விக்டர் என்ற சிறுவனுக்குப் பல ஆண்டுகள் கற்பித்து எழுதி வைத்த குறிப்புகள் கிடைத்தன. அக்காலத்தின் மிகப் பெரிய மனநோய் வைத்தியரான பினெல் அந்தச் சிறுவனைத் திருத்த முடியாத மூடன் என்று தீர்த்திருந்தார். இட்டார்ட் ஒத்துக்கொள்ளவில்லை. விக்டர் கடைசிவரை பேசவில்லை. ஆனால் எழுத்துகளை அடையாளம் கண்டான், சொற்களைப் பொருட்களோடு பொருத்தினான், தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் துக்கத்தை உணர்ந்தான். அவன் பிறவியிலேயே வேறுபட்டவனா, அதனால்தான் கைவிடப்பட்டானா, அல்லது கைவிடப்பட்டதால் அப்படி ஆனானா என்று இருநூறு ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் ஒரே உடலில் இருக்கலாம் என்பதுதான் அந்த விவாதத்தில் எப்போதும் நழுவிப்போவது.

இட்டார்ட்டின் மாணவர் செகுவின் அந்த வழியை ஒரு முறையாக வளர்த்தார். உடல் அசைவிலிருந்து புலன்களுக்கும், புலன்களிலிருந்து எண்ணத்துக்கும் பிள்ளையைப் படிப்படியாக அழைத்துப் போகும் முறை. அவருடைய நூல்களைத் தேடிப் பிடிப்பதே மொண்டிசோரிக்குப் பெரும் பாடாக இருந்தது. கிடைத்த பிறகு, இட்டார்ட்டையும் செகுவினையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தன் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் பிரதி எடுத்தார். வேகமாக வாசித்தால் பொருள் தப்பிவிடும் என்பதற்காக அப்படிச் செய்தார்.

1898இல் துரினில் நடந்த கல்வி மாநாட்டில் அவர் பேசிய விடயம் இதுதான்: இந்தப் பிள்ளைகளின் பிரச்சினை முதன்மையாக மருத்துவப் பிரச்சினையல்ல, கற்பித்தல் பிரச்சினை. ஒரு வைத்தியர் இதைச் சொன்னதில்தான் அதன் கனம் இருக்கிறது. மருந்து வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வலிப்புக்கு வைத்தியம் வேண்டும், பலவீனமான உடலுக்கு உணவு வேண்டும். ஆனால் நோயின் பெயரைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்ததென்று வைத்தியர்கள் கைகழுவியதைத்தான் அவர் எதிர்த்தார்.

1900ஆம் ஆண்டு ரோமில் ஓர்தோபிரெனிக் பள்ளி என்ற பெயரில் ஒரு நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. இப்படியான பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இடம். அதனோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கான வகுப்பும் இருந்தது. மொண்டிசோரியும் அவருடைய சக வைத்தியர் ஜூஸெப்பே மொன்டெசானோவும் அதன் பொறுப்பாளர்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை மொண்டிசோரி தானே பிள்ளைகளோடு இருந்தார். இரவில் பகலின் குறிப்புகளை ஒழுங்குபடுத்தினார். எந்தப் பிள்ளை எதைத் தொட்டது, எவ்வளவு நேரம் வைத்திருந்தது, எந்த இடத்தில் விட்டுவிட்டு ஓடியது என்றெல்லாம் எழுதினார். கற்பித்தலில் தனக்குக் கிடைத்த உண்மையான பட்டம் அந்த இரண்டு ஆண்டுகள்தான் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அங்கிருந்த பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி அவர் சொல்வது சின்ன விடயம்தான். கைகால்களில் குறை இல்லை. ஆனால் தைக்கப் பழக்க முடியவில்லை. ஊசியை ஒரு தடவை நூலுக்கு மேலாகவும் அடுத்த தடவை கீழாகவும் விட்டு இழுக்கும் முதல் படியே வரவில்லை. திரும்பத் திரும்பக் காட்டினார்கள், வரவில்லை. எங்கள் வீடுகளிலும் பாடசாலைகளிலும் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னும் பத்துத் தடவை காட்டுவோம், சத்தம் போடுவோம், கையில் ஒன்று போடுவோம், பிறகு இதுக்கு வராது என்று விடுவோம். மொண்டிசோரி தையலை அப்படியே நிறுத்தினார். கடதாசிக் கீலங்களால் பாய் பின்னும் விளையாட்டைச் சிறுமியிடம் கொடுத்தார். நிலையாக நிற்கும் கீலங்களுக்குள் இன்னொரு கீலத்தை மேலும் கீழுமாக விட்டு எடுப்பது. பனையோலை பின்னிப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. சிறுமிக்கு அது வந்தது. நன்றாகக் கை பழகிய பின் மீண்டும் ஊசியைக் கொடுத்தார். இப்போது தைத்தாள்.

அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவு எளிமையானது. ஒரு வேலையைச் செய்ய வைப்பதற்கு முன், அந்த வேலைக்குள் ஒளிந்திருக்கும் அசைவைத் தனியாகப் பிரித்தெடுத்து வேறு வழியில் பழக்கவேண்டும். எழுத்தையும் அப்படியே செய்தார். மரத்தில் பெரிய எழுத்துகள் செய்வித்தார். உயிரெழுத்துகளுக்குச் சிவப்பு, மெய்யெழுத்துகளுக்கு நீலம். பிள்ளைகள் விரலால் அவற்றின் மேல் ஓட்டிப் பழகினார்கள். கண்ணுக்கு முன் கை படித்தது. அந்த வகுப்புப் பிள்ளைகள் சிலர் வாசிக்கவும் எழுதவும் கற்று, சாதாரணப் பிள்ளைகள் எழுதும் அரசாங்கப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்தார்கள். ஊரே வியந்தது. மொண்டிசோரியை வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. இவர்களால் இது முடியுமென்றால், ஆரோக்கியமான பிள்ளைகள் இவர்களுக்குச் சமமான புள்ளி எடுக்கும் அளவில் ஏன் நிற்கிறார்கள்? அவர்களை எது பிடித்து வைத்திருக்கிறது?

அந்தக் கேள்விதான் அவரை உலகப்புகழுக்குக் கொண்டுபோனது. என் பார்வையில், அந்தப் பிள்ளைகளிடமிருந்து அவரைப் பிரித்ததும் அதே கேள்விதான்.

பிரிவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1898 மார்ச் 31ஆம் திகதி மொண்டிசோரிக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. தகப்பன் மொன்டெசானோ. இருவரும் திருமணம் செய்யவில்லை. திருமணமாகாத தாய் என்று தெரிந்தால் அவருடைய தொழில் அன்றோடு முடிந்தது. மாரியோ என்ற அந்தப் பிள்ளை ரோமுக்கு வெளியே கிராமப்புறக் குடும்பம் ஒன்றிடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டான். தாய் போய்ப் பார்த்துவிட்டு வருவார். 1901இல் மொன்டெசானோ வேறொரு பெண்ணைத் திருமணம் செய்தார். அதே ஆண்டு மொண்டிசோரி ஓர்தோபிரெனிக் பள்ளியை விட்டு வெளியேறினார். மற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளோடு காலை எட்டு மணிமுதல் இரவுவரை இருந்த காலத்தில், தன் பிள்ளை இன்னொரு வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. இதை வைத்து அவரைக் குற்றக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும்.

1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமின் வறிய தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் பிள்ளைகளின் வீடு திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போன பின் படிக்கட்டுகளில் ஓடி, புதிதாகத் திருத்திய சுவர்களைக் கீறித் திரிந்த சிறுவர்களை ஓரிடத்தில் வைத்திருப்பதற்குக் கட்டட உரிமையாளர்கள் கண்ட வழி அது. ஓர்தோபிரெனிக் பள்ளியில் உருவான கருவிகளை மொண்டிசோரி இங்கே கொண்டுவந்தார். மர எழுத்துகளுக்குப் பணமில்லை என்பதால், மண்கடதாசியில் எழுத்துகளை வெட்டி மட்டையில் ஒட்டினார். இன்று உலகம் முழுக்கப் பிரபலமான மண்கடதாசி எழுத்துகள் வறுமையில் பிறந்தவை. நான்கைந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள். பத்திரிகைகள் வந்தன, அரச குடும்பத்தினர் வந்தார்கள். 1911இல் அமெரிக்காவின் மக்ளூர்ஸ் சஞ்சிகை அவரைப் பற்றி எழுதியதோடு கடலுக்கு அப்பாலும் பெயர் பரவியது. சான் லொரென்சோ பிள்ளைகள் படங்களில் வந்தார்கள். விடுதிப் பிள்ளைகள் கதையின் முன்னுரையாக ஆனார்கள். எங்களுடைய தொழிலின் குணம் அது. எழுதத் தெரிந்த நான்கு வயதுப் பிள்ளை செய்தி. பதினொரு வயதில் ஊசி பிடிக்கப் பழகிய பிள்ளை செய்தியல்ல.

ஆனால் அவரை விட்டு அந்தப் பாடம் முழுதாகப் போகவில்லை. 1908 டிசம்பர் 28ஆம் திகதி தெற்கு இத்தாலியின் மெஸினா நகரம் நிலநடுக்கத்தாலும் அதைத் தொடர்ந்த கடற்பெருக்காலும் அழிந்தது. இடிபாடுகளுக்குள் தனியாகக் கண்டெடுக்கப்பட்ட அறுபது வரையான சிறு பிள்ளைகள் ரோமில் ஒரு கன்னியர் மடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே அவருடைய முறையில் ஒரு பிள்ளைகள் வீடு நடத்தப்பட்டது. அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது. யாருடைய பிள்ளைகள், எந்தத் தெரு, எதுவும் தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருந்தார்கள். பேச்சில்லை, பார்வை எங்கேயோ. சாப்பிட வைப்பது கடினம், தூங்க வைப்பது கடினம். இரவில் அலறி அழுதார்கள்.

முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு முகாம்களில் இருந்தவர்களுக்கு இந்த வர்ணனை அந்நியமாக இருக்காது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். பேசாத பிள்ளையைக் கண்டால் செல் சத்தத்தில் பயந்துவிட்டது என்றோம். கத்துகிற பிள்ளையைக் கண்டாலும் அதையே சொன்னோம். பலருக்கு அது உண்மை. ஆனால் குண்டு வெடிப்பில் காது கேட்காமல் போன பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது. ஓட்டிசம் உள்ள பிள்ளையும் திரும்பாது. பயந்த பிள்ளையும் திரும்பாது. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்று. இரண்டு காரணம் ஒன்றாக இருந்த பிள்ளைக்கு நிலைமை இன்னும் மோசம். போர் என்ற பெரிய காரணம் கண் முன்னால் நின்றதால், மற்றக் காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும், போர் முடிந்த பின் பிறந்த பிள்ளையைப் பற்றிக்கூட, தாய் பதுங்குகுழிக்குள் பயந்து கிடந்ததால்தான் இப்படிப் பிறந்தது என்று சொல்கிறவர்களைச் சந்திக்கிறேன். அந்தப் பேச்சு தாயையும் விடாது, பிள்ளையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவும் விடாது.

மெஸினாப் பிள்ளைகளுக்கு அந்த மடத்தில் பெரிய சிகிச்சை எதுவும் செய்யப்படவில்லை. சிறிய மேசைகள், சிறிய கதிரைகள், சிறிய அலுமாரிகள் கொடுத்தார்கள். மேசைக்கு விரிப்பு விரிக்க, கோப்பை வைக்க, கைகழுவ, உடுப்பு மடிக்கக் கன்னியர்கள் ஒவ்வோர் அசைவாகக் காட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே ஒழுங்கு. மெல்ல மெல்லச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. பிறகு ஓடி விளையாடினார்கள், பொருட்களைத் தோட்டத்துக்குச் சுமந்தார்கள், முகத்தில் சிரிப்பு வந்தது என்று மொண்டிசோரி எழுதுகிறார். காரணம் எதுவாக இருந்தாலும், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த ஒரு நாள் பிள்ளைக்கு முதலில் வேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு இன்று வேலை செய்பவர்கள் நாளின் ஒழுங்கைப் படங்களாக ஒட்டிவைப்பதும் இதற்காகத்தான். அதற்கு நோயின் பெயர் முடிவாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

முதல் உலகப் போரின்போது, 1917இல், மொண்டிசோரி ஒரு திட்டத்தை முன்வைத்தார். உடற்காயங்களுக்குச் செஞ்சிலுவை இருப்பதைப்போல, போரில் பிள்ளைகளின் மனதுக்கு ஏற்படும் காயத்துக்கு வெண்சிலுவை என்று ஓர் அமைப்பு. முதலுதவியும், நரம்பு நோய்கள் பற்றிய அறிவும், இப்படியான பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையும் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றிப் போர் நடந்த நாடுகளுக்கு அனுப்பவேண்டும் என்றார். வைத்தியத்தையும் கற்பித்தலையும் ஒரே ஆளின் கையில் சேர்த்துக் கொடுக்கும் யோசனை அது. உதவி தேடினார். கிடைக்கவில்லை. திட்டம் கடதாசியில் நின்றது. எங்களுடைய வைத்தியசாலைக் கொப்பியும் பாடசாலைப் பதிவேடும் இன்றுவரை ஒன்றையொன்று பார்த்ததில்லை.

அவருடைய குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ்மாலையாகிவிடும். அந்தக் காலத்து வைத்தியர்களைப் போலவே அவரும் தலையின் சுற்றளவை அளந்து பிள்ளைகளை வகைப்படுத்துவதில் நம்பிக்கை வைத்திருந்தார். அதில் ஒரு புத்தகமே எழுதினார். இன்று அதை யாரும் கல்வி என்று சொல்லமாட்டார்கள். 1924 முதல் முசோலினியின் ஆட்சி அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவளித்தபோது அதை ஏற்றுக்கொண்டார். தன் முறை பரவவேண்டும் என்ற ஆசை அவரைக் கண்ணை மூடவைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்து ஆண்டுகளில் அந்த உறவு முறிந்தது. ஆட்சிக்குக் கீழ்ப்படியும் சிறுவர் படைகளை வளர்ப்பதும், பிள்ளை தானாகத் தெரிவு செய்வதும் ஒன்றாக வாழ முடியாது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஸிகளும் மூடினார்கள். பார்சலோனாவில் வாழ்ந்தார், 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பிரித்தானியக் கப்பலொன்றில் தப்பி வெளியேறினார். பிறகு நெதர்லாந்து. அறுபது வயதுக்குப் பிறகு வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு எத்தனை தடவை பெட்டி கட்டினார் என்று எண்ணிப் பார்த்தால், இடப்பெயர்வு தெரிந்த எங்களுக்கு அந்த முகம் கொஞ்சம் நெருங்கி வரும்.

1939இல், அறுபத்தொன்பது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டில்களின் கீழ் முந்நூறுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி நடந்தது. அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களில் திரும்பிப்போகும் எண்ணத்தோடு வந்தவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ அகமத்நகர் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். மொண்டிசோரி சபை வளவை விட்டு வெளியேற முடியாமல் வைக்கப்பட்டார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக. அதுவரை உலகத்துக்கு மாரியோ ஒரு மருமகன், அல்லது வளர்ப்புப் பிள்ளை. அவரை மகன் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் ஆவணம் ஒரு காலனித்துவ ஆட்சியின் விடுதலைத் தந்தி.

போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கவேண்டியிருந்தது. கொடைக்கானலில் சில ஆண்டுகள். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். நாங்கள் முன்பள்ளிக்கு அவருடைய பெயரையே வைத்துக்கொண்டதன் வேர்களில் ஒன்று அந்த வருகை. பெயர் ஊருக்கு ஊர் போனது. வேலைமுறை எல்லா இடத்துக்கும் போகவில்லை. மூன்று வயதில் கொப்பி, நான்கு வயதில் வீட்டுவேலை, ஐந்து வயதில் பரீட்சை என்று நடக்கும் இடங்களிலும் அதே பலகை தொங்குகிறது.

ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். மொண்டிசோரி முறை ஓட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று முகநூலில் விளம்பரம் வந்தால் நம்பவேண்டாம். ஓட்டிசம் குணப்படுத்தும் நோயல்ல. விலை கூடிய மரக் கருவிகளை அலுமாரியில் அடுக்கினால் போதும் என்பதும் பொய். ஆரோக்கியமான பிள்ளைக்கு அந்தக் கருவி தானாகப் பாடம் சொல்லும், ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்கு அப்படியல்ல, ஆசிரியர் பக்கத்தில் இருந்து குரலாலும் முகத்தாலும் பிள்ளையை ஒவ்வொரு தடவையும் அழைக்கவேண்டியிருந்தது என்று அவரே வேறுபாடு காட்டியிருக்கிறார். அது ஆளைச் சோர வைக்கும் வேலை. ஒரு தாயோ ஒரு ஆசிரியையோ தனியாகச் செய்து முடிக்கக்கூடியதும் அல்ல.

இன்னொரு விடயம். ஓட்டிசமும் கவனக்குறைவு மிகைச் செயற்பாடும் ஒரே பிள்ளையில் இருப்பதாக ஒன்றாகச் சேர்த்து எழுதுவதற்கு, உலகெங்கும் வைத்தியர்கள் பார்க்கும் அமெரிக்க மனநோய்க் கையேடு 2013வரை இடம் கொடுக்கவில்லை. ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்பது விதி. வீட்டில் இரண்டையும் கண்ட தாய்மாருக்கு, அப்படிப் பார்க்காதீர்கள் என்று பதில் வந்தது. அந்த ஆண்டுதான் விதி மாறியது. ஆகவே பழைய கொப்பியில் ஒரு பெயரும் புதிய கொப்பியில் வேறு பெயரும் இருந்தால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. இரண்டும் இருக்கலாம். கூடவே வலிப்பும் தூக்கக் குறைவும் இருக்கலாம். காது கேட்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்கவேண்டும். எல்லாக் கொப்பிகளையும் ஒரே பையில் போட்டு, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். பிள்ளை எதை விரும்பித் தொடுகிறது, எப்போது அலறுகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டு கிழமை எழுதிக்கொண்டு போங்கள். மொண்டிசோரி இரவுகளில் செய்தது அதைத்தான். அதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு பென்சில் போதும்.

1946இல் அவர் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியா வந்தார், பாகிஸ்தான் போனார், 1949இலிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் கடற்கரைக் கிராமமான நூர்ட்வைக்கில், எண்பத்தோராவது வயதில் இறந்தார். பக்கத்தில் மாரியோ இருந்தார். எங்கே இறந்தாலும் அங்கேயே அடக்கம் செய்யவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதன்படி அந்தக் கிராமத்துக் கத்தோலிக்கச் சேமக்காலையில் புதைத்தார்கள். இறுதி விருப்பாவணத்தில் மாரியோவை என் மகன் என்று எழுதியிருந்தார்.